இலவசமாக வந்த பூனைக்குட்டியின் கணக்கு நோட்டு

"அக்கா, ஒரு பூனைக்குட்டி எடுக்கலாம்னு ஆசையா இருக்கு. சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியா இருக்கு. எடுக்கலாமா, வேண்டாமா?" என்று ஒரு தங்கை இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது வளர்ந்துகொண்டே போனது. சரி, நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

முதலில் நான் பண்ணின தப்பைச் சொல்லிவிடுகிறேன். பூனை வளர்க்க ஆசை வந்ததும் நான் போனது ஒரு காப்பகத்துக்குத்தான். மூன்று நான்கு மாதக் குட்டிகள், கூண்டுக் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தன. தத்துக் கட்டணம் என்று ஒரு தொகை சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. தெருவில் கேட்பாரற்றுக் கிடந்த குட்டிக்குக் காசா, இது என்ன வியாபாரம் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று நழுவிவிட்டேன். அடுத்த வாரமே வேலை பார்க்கும் இடத்தில் ஜெனரேட்டருக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த ஒரு குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுத் தூக்கி வந்தேன். இலவசம். நல்ல வேளை, காசு மிச்சம் என்று அன்றைக்கு ஒரு பெருமை வேறு.

சமையலறைத் தராசில் உட்கார வைத்தேன். 600 கிராம். கண் இன்னும் நீலம் மாறவில்லை, அப்படியென்றால் ஆறு வாரம் இருக்கலாம். விலா எலும்பை விரலால் எண்ணிவிடலாம், வயிறு மட்டும் பானை மாதிரி உருண்டு நின்றது. யாரோ புண்ணியவான் நன்றாக ஊட்டியிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் டாக்டர் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "இது சாப்பிட்ட வயிறு இல்லம்மா. பூச்சி வயிறு."

உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுமாம். மருந்து கொடுத்த அடுத்த நாள் மணல் தட்டில் நூல்கண்டு பிரிந்து கிடந்த மாதிரி ஒரு காட்சி. அதற்கு மேல் எழுதவில்லை, சாப்பிட்டுக்கொண்டே ஃபேஸ்புக் பார்ப்பவர்கள் இருப்பீர்கள்.

அது ஒரு தடவையோடு முடிகிற வேலையும் இல்லை. குட்டிப் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. மருந்து விலை பெரிசில்லை. ஒவ்வொரு தடவையும் போகிற வண்டிச் செலவும், லீவு போட்ட அரை நாளும்தான் கையைக் கடித்தது.

தெள்ளுப்பூச்சி வேறு. சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் சுற்றிலும் செம்பழுப்பாகப் பரவும். அது குட்டியின் ரத்தம். 600 கிராம் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருந்துவிடப் போகிறது? ஈறு வெளுத்துச் சோகையில் செத்துப்போகிற குட்டிகள் உண்டு. போதாததற்கு, உடம்பை நக்கும்போது அந்தத் தெள்ளை விழுங்கினால் நாடாப்புழுவும் கூடவே வரும். ஒரு செலவு போய் இன்னொரு செலவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது.

அப்புறம் தடுப்பூசி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் தாண்டும் வரை போடவேண்டும். ஒன்று போட்டால் போதாதா என்று நானும் கேட்டேன். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கிற வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாதாம். அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்ப. பன்னிரண்டு வாரத்தை ஒட்டி ரேபிஸ் ஊசி தனி. கடைசியில் கருத்தடை ஆபரேஷன். என்னுடையது பெட்டை. கடுவனுக்கு வேலை சுருக்கம், பெட்டைக்கு வயிற்றைத் திறக்கவேண்டும், அதனால் கட்டணமும் கூடுதல். தள்ளிப்போடவும் முடியாது. நாலு மாதத்திலேயே சினையாகக்கூடிய ஜீவன் அது. ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் நாலைந்து குட்டி போட்டால், மேலே எழுதின அத்தனையும் நாலைந்தால் பெருக்கல்.

எனக்கு எதையும் நோட்டில் எழுதும் பழக்கம் உண்டு. ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். அந்தக் காப்பகம் கேட்ட தொகையைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருந்தது. அதுவும் தீவனத்தைச் சேர்க்காமல்! அங்கே பார்த்த குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது, ஊசி போட்டாகிவிட்டது, ஆபரேஷனும் முடிந்திருந்தது. எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். அவர்கள் விலை சொல்லவில்லை, ஏற்கெனவே செலவழித்ததில் ஒரு பங்கைத்தான் கேட்டார்கள். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

அதனால் அந்தத் தங்கைக்கு நான் சொன்ன முதல் விஷயம் இதுதான்: பட்ஜெட் இடிக்கிறது என்றால் இலவசக் குட்டியைத் தேடாதே, ஆபரேஷன் வரை முடித்துக் கொடுக்கிற இடத்தைத் தேடு. கட்டணத்தில் என்னென்ன அடக்கம் என்று கூச்சப்படாமல் கேள். ஊசி போட்ட அட்டை கையில் தருவார்களா என்று கேள். எல்லா இடத்திலும் எல்லாம் இருக்காது. ஒரு ஊசி மட்டும் போட்டுவிட்டு "தடுப்பூசி போட்டாச்சு" என்று சொல்பவர்களும் உண்டு.

இவ்வளவு படித்துவிட்டு என்னிடம், "நீ மட்டும் தெருவில் கத்தின குட்டியைத் தூக்கி வரலாமா?" என்று கேட்டால் பதில் இல்லை. கத்துகிற குட்டியைத் தாண்டிப் போக முடியாதவர்களுக்கு இந்தப் பதிவால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

மிச்சம் பிடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பிடிக்கலாம், ஆனால் கடைக்காரர் சிரித்த முகத்தோடு காட்டுகிற பொருட்களில் பிடியுங்கள். நான் ஒரு மெத்தை வாங்கினேன், உள்ளே பஞ்சு, ஓரத்தில் லேஸ். அதை என் குட்டி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, மெத்தை வந்த பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. விளையாட்டுச் சாமானும் அப்படித்தான். கசக்கின காகித உருண்டைக்கு ஈடாக எதையும் இதுவரை நான் பார்க்கவில்லை. நூல், ரப்பர் பேண்டு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். விழுங்கினால் குடலைச் சுருக்கு மாதிரி இழுத்துவிடும், அதற்கு ஆபரேஷன் என்றால் எல்லா மிச்சமும் ஒரே நாளில் காலி. ஷாம்பு, கழுத்துப் பட்டை, வாசனை ஸ்பிரே எதுவும் அவசியமில்லை. ஒரு இடத்தில் எடுத்த எடுப்பிலேயே மூன்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள், நானும் பயத்தில் வாங்கினேன். நல்ல தீவனம் சாப்பிடுகிற குட்டிக்கு அதெல்லாம் தேவையே இல்லை என்று இன்னொரு டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தீவனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். விலை உயர்ந்த பிராண்டு என்று சொல்லவில்லை. பாக்கெட்டில் குட்டிகளுக்கானது, முழுமையான உணவு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பால் ஊற்றினால் ஆயிற்று என்று நினைக்கிறவர்களுக்கு: பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும், சின்னக் குட்டி ஒரே நாளில் வதங்கிவிடும். வீட்டில் நாய் இருக்கிறது, அதன் தீவனத்தையே போடலாமே என்றால் அதுவும் கூடாது. டாரின் என்று ஒரு சத்து. பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் வரவேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயம் வீங்கித் தளர்ந்துபோகும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு வெளிவந்ததே 1987இல்தான். அதற்கு அப்புறம்தான் பூனைத் தீவனங்களில் டாரின் அளவைக் கூட்டினார்கள்.

வீட்டு வைத்தியமும் வேண்டாம். காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாராசிட்டமால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை முறிக்கிற சக்தி அதன் ஈரலுக்கு இல்லை. நாய்க்கு முதுகில் விடுகிற தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் விஷம். டாக்டர் செலவை மிச்சம் பிடிக்கப் போய் இப்படிக் குட்டியையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆறு மாதம் தாண்டியதும் செலவு சட்டென்று இறங்கிவிடும், தீவனமும் மணலும்தான் பிரதானம். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200லிருந்து 250 கலோரி போதும், நம் ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதிகூட இருக்காது. இறங்கிவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காக நான் ஒரு பழைய டப்பாவில் பூனைக்கென்று மாதாமாதம் கொஞ்சம் போட்டு வைக்கிறேன். பக்கத்து வீட்டுக் கடுவன் ஒரு நாள் மணல் தட்டில் போய் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் விட்டுவிட்டார்கள். மூத்திரக்குழாய் அடைத்திருந்தது. ஆண் பூனைகளுக்கு வருகிற கோளாறு இது, கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ராத்திரி பதினொரு மணிக்கு அவர்கள் ஆஸ்பத்திரியில் நின்றபோது என் டப்பாவிலிருந்துதான் முன்பணம் கட்டினோம். பிழைத்துக்கொண்டான். கடன் இன்னும் தவணையில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, அது வேறு கதை.

இப்படி எழுதினால் உடனே ஒருவர் வருவார்: "காசில்லாதவங்களுக்கு எதுக்குங்க வளர்ப்புப் பிராணி?" அவருக்கு எதிரில் இன்னொருவர்: "அன்பு இருந்தா போதும், கணக்குப் பார்க்காதீங்க." இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் உண்டு, இரண்டாமவர் மேல் கொஞ்சம் அதிகம். முதல் ஆள் மனதைப் புண்படுத்துவதோடு சரி. இரண்டாவது ஆளை நம்பித்தான் ஊசி போடாத குட்டிகள் கழிச்சல் கண்டு சாகின்றன. எண்ணிச் செலவழிக்கிறவர்கள் பல பேர் காசுள்ளவர்களைவிட ஒழுங்காக ஊசி போட்டு வளர்ப்பதை நான் பார்க்கிறேன், ஏனென்றால் அவர்களுக்கு நோய் வந்த பிறகு செலவழிக்க வசதி கிடையாது.

நிஜமாகவே மாதக் கடைசியில் துண்டு விழுகிறது என்றால் ஒரு வழி, தற்காலிகமாக வைத்து வளர்ப்பது. பல காப்பகங்களில் தீவனமும் மருந்தும் அவர்களே தருவார்கள், நம் பங்கு இடமும் நேரமும். இன்னொரு வழி, வளர்ந்த பூனை. குட்டியின் முகத்தைப் பார்த்தால் இது மனதுக்கு ஏறாது, தெரியும். ஆனால் முதல் ஆறு மாதச் செலவு அங்கே முடிந்திருக்கும், குணமும் தெரிந்திருக்கும், திரைச்சீலையில் ஏறுகிற வயதும் தாண்டியிருக்கும்.

இதையெல்லாம் அனுப்பியதும் ஒரு வாரம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. பயமுறுத்திவிட்டேனோ என்று நினைத்தேன். நேற்று ஒரு படம் அனுப்பினாள். மூன்று வயதுக் கடுவன், ஒரு காது பாதி இல்லை, ஆபரேஷன் முடிந்தது, ஊசி அட்டை பக்கத்திலேயே வைத்துப் படம் எடுத்திருக்கிறாள். "அக்கா, மணல் தட்டு என்ன சைஸ் வாங்கறது?" என்று கீழே கேள்வி. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதற்கென்று வாங்காதே, வீட்டில் இருக்கிற பழைய பிளாஸ்டிக் டப்பே போதும் என்று பதில் போட்டேன்.