டிராகனுக்கு யார் மீன் போடுவது?

கதையில் வரும் டிராகன் எதை எரித்து நெருப்பைக் கக்குகிறது என்று நான் யோசிப்பதைப் பார்த்து, "டிராகனே பொய். அதுக்கு எதுக்குப்பா கெமிஸ்ட்ரி?" என்று கதை எழுதுகிற நண்பர் ஒருவர் கேட்டார். கமென்ட்டில் சொல்ல ஆரம்பித்து நீண்டுவிட்டது, அதனால் பதிவாகவே போடுகிறேன்.

தமிழில் இப்போது நிறையப் பேர் ஃபேன்டசி எழுதுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அதில் வரும் டிராகன்கள் காலையில் ஒரு கோட்டை, மத்தியானம் ஒரு படை, சாயங்காலம் ஒரு ஊர் என்று எரித்துத் தள்ளுகின்றன. அதற்குப் பசிக்காது, வாய் வேகாது, அடைமழையிலும் நெருப்பு அணையாது. இப்படி ஒரு ஜந்து கையில் இருக்கிறவன் ஜெயித்துவிட்டுப் போவான், அதில் கதை எங்கே இருக்கிறது? மாயம் என்று சொல்லுங்கள், ஆட்சேபணையே இல்லை. அந்த மாயத்துக்கு ஒரு செலவு வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

எல்லோரும் வாயிலிருந்து யோசிக்கிறார்கள். நான் வயிற்றிலிருந்து யோசிப்பேன். தண்டையார்பேட்டையில் வளர்ந்தவனுக்கு அது இயல்பாகவே வரும். ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் மணலிப் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி நுனியில் நெருப்பு எரியும். 1969இலிருந்து இயங்கும் ஆலை அது. அந்தத் தீ சும்மா எரியவில்லை, மிச்சமான வாயுவை எரிக்கிறது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எரிய ஏதாவது வேண்டும், அது எங்கிருந்தாவது வர வேண்டும்.

பலர் மீத்தேன் என்பார்கள். மாட்டு வயிற்றில் உண்டாகிறதே, டிராகனுக்கு ஆகாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லிட்டர் எண்ணெய் தரும் வெப்பத்தைச் சாதாரண அழுத்தத்தில் இருக்கும் மீத்தேன் தர வேண்டுமென்றால் ஏறக்குறைய 10,000 லிட்டர் வாயு வேண்டும். நம் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரியை அப்படியே விழுங்கிய மாதிரி வயிறு. அப்புறம் அது பறப்பது எங்கே? பாம்பார்டியர் வண்டையும் இழுத்து வருவார்கள். அது பீய்ச்சுவது கொதிக்கக் கொதிக்க ஒரு திரவம், சுமார் 100 டிகிரி. நெருப்பு கிடையாது.

என் ஓட்டு எண்ணெய்க்கு. வட அட்லாண்டிக்கில் ஃபுல்மார் என்று ஒரு கடற்பறவை உண்டு. தின்ற இரையின் கொழுப்பை வயிற்றில் எண்ணெயாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கூட்டை நெருங்கினால் குஞ்சுகூட அந்த எண்ணெயை எதிரி மேல் துப்பும். இறகு ஒட்டிப்போய்ப் பறக்க முடியாமல் சாகும் பறவைகள் உண்டு. ஆக, பாதி டிராகன் ஏற்கெனவே இருக்கிறது. பற்றவைப்பதுதான் பாக்கி.

மீன் எண்ணெய் லேசில் பற்றாது. ஆனால் பொடிப்பொடித் துளியாக ஊதினால் பற்றும். ஆடித் திருவிழா ஊர்வலத்தில் வாயில் மண்ணெண்ணெய் வைத்து நெருப்பு ஊதுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். உதட்டைக் குவித்து ஒரே மூச்சில் ஊதுவார். ஊதி முடித்த நொடியே பந்தத்தைத் தள்ளிப் பிடித்து, ஈரத்துண்டால் வாயையும் தாடையையும் அழுத்தித் துடைப்பார். ஊதும் வேகம் குறைந்தால் தீ வாய்க்கே திரும்பிவிடும். கேஸ் வெல்டிங் பட்டறையில் இருப்பவர்களுக்கும் இந்தப் பயம் தெரியும், அதற்காகத்தான் குழாயில் தனியாக ஒரு தடுப்பே மாட்டுகிறார்கள். அப்படியென்றால் நுரையீரல் தளர்ந்த கிழட்டு டிராகன் என்ன ஆகும்? தன் நெருப்பிலேயே சாகும். இது ஒன்றை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

தீப்பொறிக்கு இரும்பு சல்ஃபைடு. சுத்திகரிப்பு ஆலைகளில் துருப்பிடித்த தொட்டிக்குள் கந்தக வாயு பட்டுப்பட்டு இது படியும். காய்ந்த நிலையில் காற்றுப் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், அதனால்தான் தொட்டியைத் திறக்கும்போது அதை நனைத்தே வைப்பார்கள். உயிருள்ள உடம்பில் இரும்பு சல்ஃபைடு வருமா? வரும். இந்தியப் பெருங்கடலில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் 2001இல் கண்டுபிடித்த ஒரு நத்தையின் காலில் இருக்கும் செதில்களிலேயே அது படிந்திருக்கிறது.

என் டிராகனின் தொண்டையில் இந்தப் படிவு. எச்சிலில் நனைந்திருக்கும் வரை ஆபத்தில்லை. நெருப்பு வேண்டுமென்றால் முதலில் வெறும் காற்றை ஊதிக் காயவைக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் ஓடுகிறவன் பிழைப்பான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயவே காயாது, ஆகவே அந்த இரண்டு மாதமும் ராஜா சமாதானம் பேசுவார்.

இப்போது செலவுக்கு வருவோம். கொழுப்பேறிய மத்தி மீனில் பத்தில் ஒரு பங்கு கொழுப்பு என்று வையுங்கள். அதில் துளி வீணாகாவிட்டாலும் பத்து லிட்டர் எண்ணெய்க்கு 90 கிலோவுக்கு மேல் மீன் வேண்டும். இது ஒரே ஒரு ஊதலுக்கு. பறக்க, உடம்பை வளர்க்க எல்லாம் தனி. அந்த மீனை யார் கொடுப்பது? ராஜா வலை வீசப் போவதில்லை. காசிமேடு மாதிரி ஒரு கரையில் விடிவதற்குள் ஏலத்துக்கு வந்த கூடைகளில் பாதியை அரண்மனை ஆள் வந்து வரி என்று தூக்கிப் போவான். கேட்டால், "உங்களைக் காப்பாத்துறதே அதுதானே" என்பான்.

எரியாமல் சிந்தும் எண்ணெயும் இருக்கிறதே. எதிரி கோட்டையை எரித்துவிட்டுத் திரும்பி வரும் டிராகன் வாயிலிருந்து ஒழுகுவதெல்லாம் முகத்துவாரத்தில்தான் விழும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது படகும் வலையும் கறுத்ததையும், கூழைக்கடாக்கள் எண்ணெய் பூசிய இறகோடு நின்றதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெற்றி விழா தலைநகரில் நடக்கும், வலையைத் தேய்த்துக் கழுவுவது கரையில் இருக்கிறவர்கள். டிராகன் கதை எழுதும் யாரும் இந்தப் பக்கம் வந்து நிற்பதே இல்லை என்பதுதான் என் கோபம். என் கதாநாயகி வாள் எடுக்கப் போவதில்லை. கூடைகளை எண்ணி, போன மாதத்தைவிட அரண்மனைக்கு ஏன் அதிகம் போகிறது என்று பார்த்து, போர் வரப்போவதை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடிப்பாள்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். என் கதையில் டிராகனுக்கும் அந்தத் தடை உண்டா, இல்லை கடல் மொத்தமும் அதற்குத்தானா? கடலுக்குப் போகிறவர்கள் யாராவது படித்தால், சித்திரை வைகாசியில் மத்திக் கூட்டம் கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.