டோனி அயோமியின் அந்த இரண்டு விரல்கள்

பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய தன்னம்பிக்கையைத்தான் கொண்டாடுகிறார்கள். விரல் எப்படிப் போனது என்பதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது எனக்கு வெகுநாள் ஆதங்கம்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலை. அயோமிக்கு வயது 17, வெல்டிங் வேலை. அன்றுதான் கடைசி நாள். ஒரு இசைக்குழுவோடு ஜெர்மனிக்குக் கிளம்ப வேண்டியவர். மதியம் சாப்பிட வந்தவர் இனிமேல் போகவில்லை என்றார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வரச்சொல்லி அம்மாதான் திருப்பி அனுப்பினார். தகடு வளைக்கும் இயந்திரத்தில் நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமே இல்லாத பையனை அதில் நிறுத்தினார்கள். இயந்திரம் வலது கைமேல் இறங்க, பதறி இழுத்ததில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்தும் கையே வலது கைதான்.

இதை விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழக்கிவிடாமல் ஒரு சிறுவனை இயந்திரத்தின் முன் நிறுத்தியதால் வந்தது இது.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு பார்க்க வந்தார். ஜாங்கோ ராயின்ஹார்ட் வாசித்தது. 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் கிட்டாரை விடாதவர் அவர்.

அப்புறம் அயோமி செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான பற்றவைப்புக் கோலால் துளை போட்டு, விரல் நுனிக்குத் தொப்பிபோலப் பொருந்தும்வரை தேய்த்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட்டிலிருந்து தோல் வெட்டி ஒட்டினார். தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி தெரியாது. காதை நம்பித்தான் அழுத்த வேண்டும். கிட்டார் பழகிய முதல் மாதம் என் விரல் நுனிகள் கன்றிப்போய், தந்தி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தடுமாறினேன். அவருக்கு வாழ்நாள் முழுக்க அப்படித்தான்.

கனமான தந்திகள் அந்த விரல்களுக்கு ஒத்துவரவில்லை. மெல்லிய தந்திகளைத் தேடி பாஞ்சோ என்ற வாத்தியத்தின் தந்திகளைக்கூட மாட்டினார். 1970இல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டு 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாடல்களுக்குத் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். இழுவிசை குறைந்தது, விரலுக்கு நிம்மதி. ஓசையோ இன்னும் இருண்டு, கனத்து வந்தது. இன்றுவரை எத்தனையோ மெட்டல் குழுக்கள் சுருதியை இறக்கித்தான் வாசிக்கின்றன. பட்டறையில் பழகிய கைதான் அந்தத் தொப்பியைச் செய்தது என்பதால், இந்த இசையைத் தொழிலாளியின் கைவேலை என்றே சொல்வேன்.

இடையில் 2012இல் புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவிலேயே ஒரு ஆல்பத்தை முடித்தார்.

2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் மைதானம். பிளாக் சபாத்தின் பழைய நால்வரும் ஒரே மேடையில். குழுவின் பாடகர் ஆசி ஆஸ்போர்ன் நாற்காலியில் அமர்ந்து பாடினார். 17 நாளில் போய்ச் சேர்ந்தார். அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கண் அயோமியின் வலது கைக்குத்தான் போகிறது.