டீசல் பங்க்கில் டீசல் இல்லை

டீசலுக்கு எதிர்காலம் இல்லையாம். சொன்னது யார்? டீசல் போடுகிற பையன். அதுவும் எந்த நேரத்தில்? என் வண்டிக்குள் நாசிலைச் செருகிவிட்டு, கரன்ட் போனதால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில். “பேசாமல் இதை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் எடுத்துவிடுங்கள் சார்.” காற்று அடிக்க ஆள் இல்லை, கழிப்பறைக்குப் பூட்டு, குடிதண்ணீர்க் கேன் காலி. ஆலோசனைக்கு மட்டும் தட்டுப்பாடே கிடையாது.

விராலிமலை போகும் நான்குவழிச் சாலையில் எனக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? ஒரு வேலையும் இல்லை. பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் புரியும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் புகைக்கரி வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். சர்வீஸ் நிலையத்தில் கேட்டால், “நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் விரட்டி ஓட்டுங்கள், கரி எரிந்துவிடும்” என்பார்கள். அதாவது டீசல் எரித்த கரியை எரிக்க இன்னும் கொஞ்சம் டீசல் எரிக்க வேண்டும். செலவு என்னுடையது, சுற்றுச்சூழல் எல்லோருக்கும். அப்படிப் புகை எரிக்கப் புறப்பட்டவன்தான், பாதி வழியில் அந்தப் பங்க்கில் நுழைந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் போடச் சொன்னேன். “முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள் சார்.” ஏன் முதலில் என்று கேட்டால் நாம் சண்டைக்காரர்கள். செய்தேன். “இரண்டாயிரம் ரூபாய் பெறப்பட்டது” என்று அந்தச் சின்னப் பெட்டி சாலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி கூவியது. “ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள்.” பார்த்தேன். இந்நாட்டு நுகர்வோருக்கு மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம் அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பதுதான். நூறு, முந்நூறு, ஐந்நூறு... 743 ரூபாய் 18 காசில் எல்லா விளக்கும் அணைந்தது.

“இருங்கள் சார், ஜெனரேட்டர் போடுவார்கள்.”

பின்பக்கம் பச்சைக் கூண்டுக்குள் ஜெனரேட்டர். பெரியவர் ஒருவர் போய்ச் சாவியைத் திருகினார். இரண்டு முறை இருமிவிட்டு அது அடங்கிவிட்டது. மூடியைக் கழற்றி, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, உள்ளே விட்டு எடுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குச்சி நுனிகூட நனையவில்லை.

“டீசல் இல்லையப்பா.”

பங்க்கில். ஜெனரேட்டருக்கு. டீசல் இல்லை. என் செருப்புக்குக் கீழே நிலத்தடித் தொட்டியில் ஆயிரக்கணக்கான லிட்டர் கிடக்கிறது. அதை மேலே ஏற்றப் பம்பு ஓட வேண்டும். பம்பு ஓடக் கரன்ட் வேண்டும். கரன்டுக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும். ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும். இதை அவர்கள் ஐந்து பேர் வட்டமாக நின்று, ஏதோ இன்றைக்குத்தான் கண்டுபிடித்ததுபோல், ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, மீதிப் பணத்தைக் கொடுங்கள், நான் போகிறேன் என்றேன். மேனேஜர் வந்தால்தானாம். மேனேஜர் எங்கே? கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். முன்னால் ஒரு ஆட்டோ, பின்னால் ஒரு லாரி, நடுவில் நான். வண்டியை நகர்த்தக்கூட வழியில்லை.

அந்த இடைவெளியில்தான் எதிர்காலத்தைப் பற்றிய அந்தச் சொற்பொழிவு. தம்பி, எதிர்காலம் இல்லாத இந்தப் பொருளை என் தலையில் கட்டியது யார்? 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வித்தியாசம். விவரமானவன் டீசல்தான் வாங்குவான் என்று மைத்துனர் முதல் ஷோரூம்காரர் வரை ஓதினார்கள். என் முதல் டீசல் வண்டியை வாங்கினேன். 2013 ஜனவரியில் மாதத்துக்கு ஐம்பது காசு என்று நோகாமல் ஏற்ற ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 2020-இல் கச்சா எண்ணெய் சீந்துவாரில்லாமல் கிடந்ததே, அப்போதாவது குறைந்ததா? மே மாதத்தில் ஒரே இரவில் கலால் வரியைப் பெட்ரோலுக்குப் பத்து, டீசலுக்குப் பதின்மூன்று ரூபாய் உயர்த்தினார்கள். அடுத்த மாதமே தில்லியில் டீசல் விலை பெட்ரோலை முந்தியது. ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவாருங்கள் என்றால் மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டும், மாநிலம் மத்திய அரசைக் கைகாட்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் அவ்வளவு ஒற்றுமை.

பிறகு 2023-இல் பெட்ரோலியத் துறையின் முன்னாள் செயலாளர் தருண் கபூர் தலைமையிலான குழு ஒன்று பரிந்துரைத்தது: பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் 2027-க்குள் டீசல் கார்களுக்குத் தடை. அதற்குள்தான் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு மறுபடியும் டீசலே வாங்கித் தொலைத்திருந்தேன். பதறியடித்துக்கொண்டு விசாரித்தால், அரசு இன்னும் ஏற்கவில்லை என்றார்கள். ஏற்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. தில்லியில் இன்னும் வேடிக்கை. 2025 ஜூலை முதல் தேதி, பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு எந்தப் பங்க்கிலும் எண்ணெய் கிடையாது என்று கேமரா வைத்துப் பிடித்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அவர்களே பின்வாங்கினார்கள். விற்கலாமா, வைத்திருக்கலாமா? எந்த அமைச்சரும் வாயைத் திறந்து ஒரு தேதி சொல்ல மாட்டார். நாட்டில் செலவாகும் எண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு டீசல். லாரி, பஸ், டிராக்டர், விசைப்படகு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அதெல்லாம் ஓடட்டும். என் ஒற்றைக் கார்தான் பூமியைச் சூடாக்குகிறது.

மூலையில் ஒரு மின்சார வண்டி சார்ஜருக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. 2023-இல் பங்க்குகளில் 7,432 சார்ஜர் வைக்க மத்திய அரசு 800 கோடி ரூபாய் ஒதுக்கியது நினைவிருக்கும். இது அதில் ஒன்றா, வேறு கணக்கா, தெரியாது. சார்ஜரின் கைப்பிடியில் ஊழியர் ஒருவரின் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிட்டார். எனக்கு ஆலோசனை சொன்ன பையனைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் காட்டினேன். “கரன்ட் வந்தால் ஏறிவிடும் சார்” என்றான். அடடா.

இதற்குள் ஒருவன் வெள்ளைக் கேனை எடுத்துக்கொண்டு பைக்கில் பக்கத்துப் பங்க்குக்குப் பறந்தான். வெறுங்கேனுடன் திரும்பினான். கேனில் தரமாட்டார்களாம். “பாட்டில், கேனில் எரிபொருள் தரப்படாது” என்ற அதே பலகை இங்கேயும் அவன் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து ஐந்து பேரின் பார்வையும் மெல்ல என் வண்டிப் பக்கம் திரும்பியது.

“சார், தப்பாக நினைக்க வேண்டாம். இப்போதுதானே உங்களுக்குப் போட்டோம். ட்யூப் விட்டு ஒரு இரண்டு லிட்டர் உறிஞ்சிக்கொண்டால் ஜெனரேட்டர் ஓடிவிடும். ஓடியதும் உங்களுக்கே திருப்பிப் போட்டுவிடலாம்.”

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. என் அத்தை இதைப் படிப்பார்.

கடைசியில் பின்னாலிருந்த லாரி ஓட்டுநர்தான் இறங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கேபினிலிருந்து ட்யூபை எடுத்தார், தன் டேங்கில் விட்டார், வாயால் இழுத்தார், துப்பினார், கேனைக் காட்டினார். பங்க்குக்கு டீசல் போட்ட லாரியை என் கண்ணால் பார்த்தேன். நாட்டில் பங்க்குகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று பெருமைப்படுகிறார்கள். வாருங்கள், ஒன்றை வந்து பாருங்கள்.

ஜெனரேட்டர் உறுமியது. மீட்டர் உயிர்த்தது. பூஜ்யத்தில்.

“எவ்வளவு போட்டிருந்தோம் சார்?”

743 ரூபாய் 18 காசு என்றேன். அவனுக்கு 943 என்று ஞாபகமாம். காசு வரை சொல்கிறேனே ஐயா, இருநூறு ரூபாயையா கோட்டை விடுவேன்? உள்ளே கணினியில் பார் என்றால், அது திறக்க மேனேஜரின் கடவுச்சொல் வேண்டுமாம். மேனேஜர் பந்தியில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன். பஞ்சாயத்து கூடி, இரண்டுக்கும் நடுவில் 843 என்று தீர்ப்பானது. நூறு ரூபாய் தர்மம். ரசீது கேட்டேன். பிரிண்டரில் பேப்பர் இல்லை. லாரிக்காரர் தன் இரண்டு லிட்டரைக் கேட்டார். மேனேஜர் வரட்டும் என்றார்கள். அவர் சொன்னதையும் இங்கே எழுத முடியாது.

வண்டியைக் கிளப்பினேன். கரி விளக்கு மறுபடி எரிகிறது. எரிக்கிற வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டேன் அல்லவா, திரும்பவும் ஓட்ட வேண்டுமாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளியே ஓட்டினார்.

அது கிடக்கட்டும். போகிற வழியில் தலைவலிக்கு ஒரு டீ குடித்தேன். பதினைந்து ரூபாய். காகிதக் கோப்பை எவ்வளவு பெரியது தெரியுமா? இருமல் மருந்து மூடி அளவு. அதிலும் கால்வாசி நுரை. சர்க்கரை வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன்; பாகு மாதிரி இனித்தது. கேட்டால், “பாலிலேயே போட்டாயிற்று சார்” என்கிறார். யார் போடச் சொன்னது? எல்லோருக்கும் சேர்த்துப் பாலில் சர்க்கரை போட இவர்களுக்கு உத்தரவு கொடுத்தது யார்?