எண்ட்கேமையும் சொல்லிக்கொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டியில் ஆடினேன். நான்காவது சுற்றில் எதிரே உட்கார்ந்தவன் குடியாத்தத்திலிருந்து வந்த எட்டாம் வகுப்புப் பையன். ஆட்டத்தின் தொடக்கமான ஓப்பனிங்கில் முதல் பதினைந்து நகர்த்தல்களை இரண்டே நிமிடத்தில் ஆடிவிட்டான், எல்லாம் மனப்பாடம். எனக்கு அதற்குள் கால் மணி நேரம் போயிற்று, கூடவே ஒரு சிப்பாயும்.

அப்புறம் காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, ஆளுக்கொரு யானை, அவனுக்கு மட்டும் ஒரு சிப்பாய் என்று வந்து நின்றது. காய்கள் குறைந்துபோன இந்தக் கடைசிக் கட்டம்தான் எண்ட்கேம். மற்ற மேசையெல்லாம் காலி. என் ராஜாவைச் சிப்பாய்க்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு, யானையை என் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். யானை அங்கே இருக்கும்வரை அவன் ராஜா அந்த வரிசைக்குள் கால் வைக்க முடியாது. பொறுத்துப் பார்த்தவன் சிப்பாயையே அந்த வரிசைக்குத் தள்ளினான். உடனே யானையை அவன் பக்கத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் வைத்தேன். ராஜா ஒதுங்க வேண்டிய கட்டத்தில் இப்போது சிப்பாய் நிற்கிறது! செக், மறுபடி செக். டிரா.

பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய வழி இது. "கிளாஸ்ல ஓப்பனிங்தான் சார் எடுப்பாங்க" என்றான் பையன்.

எனக்கு ஆதங்கமே இதுதான். ஓப்பனிங் பொறியைக் கற்றுக்கொண்டால் நாலு ஆட்டம் சீக்கிரம் ஜெயிக்கலாம், பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் எங்களைப் போன்ற கிளப் ஆட்டக்காரர்களின் ஆட்டம் பல நேரம் எண்ட்கேமில்தான் முடிவாகிறது. அவ்வளவு ஏன், 2024இல் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆன அந்த 14ஆவது ஆட்டம்? 55ஆவது நகர்த்தலில், அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானையை மாற்றி, மந்திரியையும் (பிஷப்) மாற்றி, வெறும் ராஜா-சிப்பாய் ஆட்டமாக்கி ஜெயித்தார். எண்ட்கேம் தெரிந்த கண்ணுக்குத்தான் அது படும்.

வாசலில் பையனின் அப்பா, "ஜெயிக்க வேண்டிய கேமை விட்டுட்டியே" என்றார். அவன் முகம் சுருங்கிப்போனது. "இல்லீங்க, அது டிராதான். ஒரு பத்து நிமிஷம் இருங்க" என்று சொல்லித் திண்ணையிலேயே போர்டை விரித்தேன்.

இரண்டு தடவை ஆடிக்காட்டினேன். மூன்றாவது தடவை அவனே போர்டைத் திருப்பி வைத்தான்.

"இப்ப நான் கறுப்பு சார். நீங்க சிப்பாயைத் தள்ளுங்க."