காருக்கு இன், பஸ்ஸுக்கு ஆன்

ஆங்கிலத்தில் மற்றதையெல்லாம் எப்படியாவது படித்துவிடலாம், இந்தப் பிரிபொசிஷன் மட்டும்தான் பாடாய்ப் படுத்துகிறது. காரில் போனால் 'இன் எ கார்', பஸ்ஸில் போனால் 'ஆன் எ பஸ்'. இரண்டிலும் உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறோம்! எழுந்து நடக்க இடமிருந்தால் 'ஆன்' என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். சரி, சைக்கிளில் எங்கே எழுந்து நடப்பது? அதற்கும் 'ஆன்'தான்.

நேரம் என்று வந்தால் இன்னும் மோசம். காலைக்கும் மாலைக்கும் 'இன்', இரவுக்கு 'அட்'. அதே காலை திங்கட்கிழமைக் காலை ஆகிவிட்டால் 'ஆன்'. தமிழில் ஓர் 'இல்' போட்டால் கார், பஸ், காலை, இரவு எல்லாம் அடங்கிவிடும்.

வார இறுதிக்குப் பிரிட்டனில் 'அட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஆன்' என்பார்கள். அவரவர் ஊரில் அது சரி. நம் பிள்ளைகளின் கோடிட்ட இடத்தில் மட்டும் விடைக்குறிப்பில் இருப்பதை எழுதினால்தான் மார்க். இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அப்புறம், 'டிஸ்கஸ்' என்றால் 'அபவுட்' போடக்கூடாதாம், 'டிஸ்கஷன்' என்றால் போடலாமாம். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்கிறார்கள். காரணமே சொல்லாமல் ஒரு குழந்தை எத்தனையைத்தான் மனப்பாடம் பண்ணும்?