சமையல் உப்பு வேண்டாம்

தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜன் வாயு தயாரிக்க, "உப்புத் தண்ணீரும் எவர்சில்வர் தட்டும் போதும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டும்தான் வரும்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு, ஆபத்தும்கூட. சமையல் உப்பு போட்டால் நேர்மின் தட்டில் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது நுரையீரலைத் தாக்கும். எவர்சில்வரும் அரித்துப்போய், அதிலிருக்கும் குரோமியம் தண்ணீரில் கரையும். அதில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவமும் உருவாகலாம், அது புற்றுநோய் உண்டாக்கும். தண்ணீர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

காய்ச்சி வடித்த நீரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, நிக்கல் தட்டு, இதுதான் சரியான சேர்க்கை. அந்த ஹைட்ராக்சைடும் தோலைப் பொசுக்கும் காரம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

அப்புறம் மின்னழுத்தம். ஒரு ஜோடித் தட்டுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். இரண்டே தட்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வீணாகும். அவற்றுக்கு நடுவில் மின் இணைப்பில்லாத 5 தட்டுகளை வைத்தால், 6 கலங்களாக, அதாவது 6 தட்டு ஜோடிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் 2 வோல்ட் கிடைக்கும்.