மூட்டையில் இருக்கும் புரதம் வேறு, மாட்டுக்குச் சேரும் புரதம் வேறு

கோடை தொடங்கியதும் காங்கேயம், தாராபுரம் பக்கத் தீவனக் கடைகளில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதுல புரதம் எத்தனை பர்சன்ட்?" 20-ஆ 22-ஆ என்று பார்த்து, எது கூடவோ அதை ஏற்றிக்கொண்டு போகிறோம். அந்த ஒரு எண்ணை நம்பிக் காசு கொடுப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொறங்காட்டில், அதாவது வேலி போட்டு மழையை நம்பி விட்டிருக்கும் மேய்ச்சல் நிலத்தில், மேயும் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கணும்.

அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? வழக்கமான தீவனப் பரிசோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். டென்மார்க்கின் யோஹான் கெல்டால் 1883-ல் கொண்டுவந்த முறைதான் இதற்கு அடிப்படை. கிடைப்பதற்குப் பெயர் கச்சாப் புரதம். நைட்ரஜன் எதிலிருந்து வந்தாலும் இந்தக் கணக்கில் அது புரதம்தான். யூரியாவில் 46% நைட்ரஜன் இருக்கிறது. ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால் காகிதத்தில் 2.87 கிலோ புரதம் ஏறிவிடும். அதிகச் சூட்டில் கருகிப்போன புண்ணாக்கும் இதே கணக்கில் நல்ல மார்க் வாங்கும். அதில் பெரும்பகுதி செரிக்காமல் சாணத்தோடு போவதை மூட்டை சொல்லாது.

சரி, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? மாடு தின்ற புரதத்தில் பெரும்பங்கை முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பிரித்து அம்மோனியாவாக ஆக்கிவிடும். அந்த அம்மோனியாவை வைத்துத் தங்கள் உடம்பை வளர்க்கும். பிறகு அவை நான்காம் வயிற்றுக்கும் குடலுக்கும் போய்ச் செரிமானமாகும்போதுதான் மாட்டுக்குப் புரதம் சேர்கிறது. மேய்ச்சல் மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இந்த நுண்ணுயிர்கள் கொடுப்பது. பின்லாந்தின் விர்த்தனென், 1945-ல் வேதியியல் நோபல் பெற்றவர், பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீவனத்தோடு யூரியாவும் அம்மோனியம் உப்பும் கொடுத்துப் பால் கறந்து காட்டி, 1966-ல் அந்த முடிவை வெளியிட்டார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் அந்தப் பசுக்களுக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைத்தன. எரிசக்தி இல்லாமல் நுண்ணுயிர் அம்மோனியாவைப் பயன்படுத்த முடியாது. மிஞ்சும் அம்மோனியா ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாக மாறி, பெரும்பகுதி மூத்திரத்தில் போய்விடும். கடலைப்புண்ணாக்கின் புரதம் முதல் வயிற்றில் மிக வேகமாகச் சிதைவது. அதைக் கரைத்து ஒரே வேளையில் ஊற்றிவிட்டு வைக்கோலை மட்டும் போட்டால், நாம் கொடுத்த காசில் ஒரு பங்கு கட்டுத்தரையில்தான் கிடக்கும். அதனால்தான் புண்ணாக்கோடு கொஞ்சம் மக்காச்சோள மாவோ கம்பு மாவோ சேருங்கள், இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

இப்போது கொறங்காட்டுக்கு வருவோம். மழை பெய்து கொழுக்கட்டைப்புல் தளிர்க்கும்போது கவலையில்லை. சித்திரையில் அதே புல் காய்ந்து குச்சியாக நிற்கும்போது கச்சாப் புரதம் 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது நுண்ணுயிர்களுக்கே நைட்ரஜன் பற்றாது. நார் செரிப்பது மந்தமாகும். செரிக்காத நார் வயிற்றை அடைத்துக்கொண்டிருப்பதால் ஆடும் மாடும் மேய்வதையே குறைத்துவிடும். "காட்டுல தீனி கிடக்குது, ஆனா மாடு இளைக்குது" என்று சொல்வார்களே, அதன் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த நேரத்தில் கொஞ்சம் புண்ணாக்கு கொடுத்தால் பலன் அந்தப் புண்ணாக்கின் புரதத்தோடு நிற்காது. காய்ந்த புல்லையும் கூடுதலாகத் தின்று செரிக்க வைக்கும். தினமும் கொடுக்க ஆள் இல்லாதவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரட்டிப்பாகக் கொடுத்தாலும் பெரிய குறை வராது. ஏனென்றால் ரத்தத்தில் இருக்கும் யூரியாவில் ஒரு பகுதி எச்சில் வழியாக மறுபடி முதல் வயிற்றுக்கே திரும்பி வருகிறது. இப்படி நாள் விட்டுக் கொடுப்பது புண்ணாக்குக்கு மட்டும். யூரியா கலந்த எதையும் இப்படிக் கொடுத்துவிடாதீர்கள், மொத்தமாகத் தின்றால் மாடு செத்துவிடும்.

நம் முன்னோர் வெள்வேல மரங்களைக் காட்டில் விட்டு வைத்ததைப் பற்றியும் சொல்லணும். புல் காய்ந்த காலத்தில் உதிரும் காய்தான் செம்மறிகளைத் தாங்குகிறது. வேல மர வகைகளில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளுக்கு, முதல் வயிற்றில் புரதத்தைப் பிடித்துவைத்து, நான்காம் வயிற்றின் அமிலத்தில் விட்டுவிடும் தன்மை உண்டு. அளவோடு இருந்தால் அது பாதுகாப்பு. மிஞ்சினால் புரதம் அப்படியே புழுக்கையில் போகும், தீனியும் குறையும். கடிபடாமல் விழுங்கிய விதையும் முழுசாக வெளியே வந்து முளைக்கும். முளைத்த செடியைக் காக்காமல், நிற்கிற மரத்தையும் வெட்டி விற்றுவிட்டு, அதே பணத்தில் தீவன மூட்டை வாங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதல் வயிற்றில் சிதையாமல் தப்பிக் குடலில் செரிக்கும்படி செய்த புரதத்தை பைபாஸ் புரதம் என்று விற்கிறார்களே, அது ஏமாற்று வேலை இல்லை. நிறையக் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு நுண்ணுயிர் தரும் புரதம் போதாது, அதற்கு அது தேவை. காய்ந்த காட்டில் மேயும் காங்கேயம் மாட்டுக்கு அதில் முதல் காசைப் போடாதீர்கள். அதன் நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கின்றன.

தீவன மூட்டையில் கச்சாப் புரதத்தோடு, யூரியா எவ்வளவு, முதல் வயிற்றில் சிதையும் பங்கு எவ்வளவு என்பதையும் அச்சிட வேண்டும் என்று பால் சங்கங்கள் கேட்க வேண்டும். அதுவரைக்கும் மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள். அனுப்பும்போது கச்சாப் புரதம் மட்டும் போதாது, யூரியாவும் பார்க்கணும் என்று எழுதிக் கொடுங்கள்.